புலி கடித்த கடிகாரம்

ஒன்பது வயதில், நல்ல பகல் வெளிச்சத்தில், ஒரு தங்கக் கடிகாரத்தை வேண்டுமென்றே கடித்தேன். பசி காரணமில்லை. வெள்ளிக்கிழமை என்பதால் வீட்டில் இட்லி. அதில் ஆறு ஏற்கெனவே என் வயிற்றில் இருந்தது. குடும்பத்தின் புகழைக் காப்பாற்ற வேண்டியிருந்தது, அதற்குத் தகுதியான பற்கள் அந்த வீட்டில் எனக்கு மட்டுமே உண்டு என்று நம்பினேன். கடித்ததைவிட அப்படி நம்பியதற்குத்தான் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அப்பா ஆம்பூரில் ஒரு சாயபுவின் டேனரியில் தோல் தரம் பிரிக்கிறவர். பதனிட்டுக் காய்ந்து வருகிற தோல்களை ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் என்று அடுக்குவது அவர் வேலை. கண்ணால் பார்ப்பதைவிடக் கட்டைவிரலால்தான் அதிகம் பார்ப்பார். முள் கிழித்த வடுவோ, சூடு போட்ட வடுவோ, தோலில் எது இருந்தாலும் அது அப்படியே இருக்க வேண்டும், நம்பர் இறங்கினால் இறங்கட்டும் என்பது அவர் கொள்கை. வடுவின் மேல் கல்லால் தேய்த்து வழவழப்பாக்கி மறைக்கிறவனைத் திருடர் வரிசையில் வைத்திருந்தார். “வடு இருக்கிறது தப்பில்ல. வடுவ மறைக்கிறதுதான் தப்பு” என்பார். இதை டேனரியில் சொல்வதோடு நிற்காமல் வீட்டில் கத்தரிக்காய் வாங்கும்போதும் சொல்வார்.

எங்கள் தோலை லண்டனில் வாங்கிய கம்பெனியின் துரை ஒருவர் வருஷத்துக்கு ஒருமுறை, தை மாதம், மெயில் ரயிலில் வந்து இறங்குவார். நான் பிறப்பதற்கு முந்தைய வருஷம் அவர் வரும்போதே கோபமாக வந்தார். நீங்கள் அனுப்பிய தோல்கட்டு ஒன்றில் மட்டமான தோல் இருக்கிறது என்று அந்தக் கட்டைத் திருப்பியே கொண்டு வந்திருந்தார். அப்பா தன் கண்ணைத் துரையின் கைக்குட்டையாலேயே கட்டச் சொல்லிவிட்டு, கட்டிலிருந்த தோல்களை ஒவ்வொன்றாகத் தடவி, ஏழு தோலைத் தனியாகப் போட்டார். “இது ஏழும் நம்ம பாலாத்துத் தண்ணில ஊறினது இல்ல. வழியில யாரோ மாத்திட்டாங்க” என்றார். விசாரித்ததில் அப்படித்தான் இருந்தது. அடுத்த வருஷம் துரை வரும்போது அப்பா பெயர் பொறித்த ஒரு தங்கக் கடிகாரத்தோடு வந்தார். சுவிட்சர்லாந்துக் கம்பெனியின் உருப்படி. சட்டைப்பையில் போட்டுச் சங்கிலி மாட்டிக்கொள்கிற வகை. ஜில்லாவில் கலெக்டருக்குக்கூட அப்படி ஒன்று இல்லை என்று சாயபு சொன்னார். கலெக்டரின் சட்டைப்பைக்குள் சாயபு பார்த்திருக்க முடியாது. ஆனாலும் ஊர் நம்பியது.

அந்தக் கடிகாரத்தின் பின்மூடியில் இரண்டு பல் தடம் உண்டு. நான் கைக்குழந்தையாக இருந்தபோது கடித்தது. இதை எனக்குச் சொன்னவர் அப்பா. மறு வருஷம் துரை கடிகாரத்தை வாங்கிப் பார்த்து, இது என்ன என்று கேட்டபோது அவருக்குச் சொன்னவரும் அப்பாதான். துரை கோபிக்கவில்லை. அவர் சிரித்த சிரிப்பில் தோல் பதனிடக் களத்தில் காய்ந்துகொண்டிருந்த ஆவாரம்பட்டையைக் கொத்திய காக்கைகள் பறந்தன என்பார்கள். அன்று எனக்கு ஒரு பிஸ்கட் டப்பா கிடைத்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தையிலும் துரை வந்து இறங்கியதும் தன் சந்தைத் தமிழில் கேட்கிற முதல் கேள்வி, “வாட்ச் கடிச்ச புலி எங்கே?” என்பதுதான். அப்பா மூடியைக் காட்டுவார், நான் பல்லைக் காட்டுவேன், டப்பா கை மாறும். பள்ளிக்கூடத்தில் மற்றப் பையன்களுக்குக் கணக்கு வந்தது, பாட்டு வந்தது. எனக்கு இந்தப் பல் தடம் இருந்தது. அது போதும் என்று இருந்தேன்.

கடிகாரத்துக்கு வியாதி வந்தது எனக்கு எட்டு வயதாகும்போது. நாளுக்குக் கால் மணி நேரம் பின்னால் போயிற்று. பஜாரில் கடிகாரம் பழுது பார்க்கிறவர் அதைத் திறந்து, ஊதி, உள்ளே தாராளமாகத் தேங்காய் எண்ணெய் விட்டுக் கொடுத்தார். கார்த்திகை வரை குறையில்லை. மார்கழிக் குளிரில் எண்ணெய் உறைந்தது. விடியற்காலையில் கடிகாரம் நின்றுவிடும். வெயில் ஏறி ஒன்பது மணிக்கு மேல் தானாக எழுந்து ஓடும். அப்பா டேனரிக்குப் போகும் வழியில் அதை வெயில் படுகிற பக்கமாகப் பிடித்துக்கொண்டு நடப்பார்.

தையில் வந்த துரை அதை முகர்ந்து பார்த்தார்.

“மேஸ்திரி, இது வாட்ச். தலை இல்லை” என்றார்.

செய்த கம்பெனிக்கே அனுப்பினால் புதுசு மாதிரி ஆக்கித் தருவார்கள் என்று சொல்லி, அதைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போனார். அந்த வருஷம் அப்பா மணி தெரியாமல் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. டேனரிச் சங்கு ஊதியது, ரயில் வந்தது, மசூதியில் பாங்கு சொன்னார்கள். ஆனால் அவருடைய கட்டைவிரல் மட்டும் காலிச் சட்டைப்பையை ஓயாமல் தடவிக்கொண்டிருந்தது.

கார்த்திகை கடைசியில் இன்ஷூர் செய்த பார்சல் வந்தது. டேனரியில், சாயபு முன்னால் பிரித்தார்கள். மரப்பெட்டி, அதற்குள் பஞ்சு, பஞ்சுக்குள் கடிகாரம். காதில் வைத்தால் சத்தமே இல்லை. கூர்ந்து கேட்டால் எறும்பு நடப்பது போல ஒரு ஓட்டம். கீறல், சொட்டை, அழுக்கு ஒன்றும் கிடையாது. மூடியில் என் முகம் தெரிந்தது.

“இன்னா மேஸ்திரி, புது மாப்பிள்ளைக்கு ஷேவிங் பண்ண மாதிரி அனுப்பிச்சிருக்கான்” என்றார் சாயபு.

கூடவே ஒரு இங்கிலீஷ் கடிதம். என்னென்ன வேலை செய்தார்கள் என்ற பட்டியல். அப்பாவுக்குக் காரியத்துக்குப் போதுமான இங்கிலீஷ் தெரியும். விரல் வைத்து ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார். உள்ளே சமையல் எண்ணெய் போன்ற ஒன்று இருந்தது, எடுத்துவிட்டோம். சுருள்வில்லை மாற்றினோம். மூடியைப் பாலிஷ் போட்டோம். அடுத்த வரிக்கு வந்தபோது விரல் நின்றது. கடிதத்தை நாலாக மடித்துப் பெட்டிக்குள் பஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டார்.

“மீதி?” என்றார் சாயபு.

“மீதி மரியாதை வார்த்தை, மொதலாளி.”

நான் கடிகாரத்தைத் திருப்பிப் பின்மூடியைப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. என் பல் தடத்தைக் காணோம்.

அப்பா கட்டைவிரலால் மூடியைத் தடவினார். “கொஞ்சம் சீவிட்டான். கனம் கொறஞ்சிருக்குது. பேர் எழுத்துகூட மெலிஞ்சுபோச்சு” என்றார். இனி வடுவை மறைத்தவன் திருடன் என்று தொடங்குவார், துரைக்குத் தந்தி போகும், சுவிட்சர்லாந்துக்காரன் பதில் சொல்லியாக வேண்டும் என்று காத்திருந்தேன். அவரோ நிம்மதியாக மூச்சு விட்டு, “ஆனா நல்ல வேலை. கம்பெனின்னா கம்பெனிதான்” என்றார். தேய்த்து மறைத்த ஒரே ஒரு தோலுக்காக, வந்த கட்டு முழுவதையும் கொண்டுவந்தவனிடமே திருப்பி அனுப்பிய மனுஷர் அவர்.

தைக்கு இன்னும் ஒரு மாதம்தான். துரை வருவார், கடிகாரத்தைக் கேட்பார், அதில் ஒன்றும் இருக்காது. தடமில்லாத புலியை யார் நம்புவார்கள்? டப்பா போனால் போகிறது. பள்ளிக்கூடத்தில் நான் என்னவாக இருப்பது? மார்கழி முழுவதும் இதே கவலையாகச் சோறு இறங்கவில்லை என்று எழுத ஆசை. இறங்கியது.

வெள்ளிக்கிழமை டேனரிக்கு விடுமுறை. அப்பா எண்ணெய் தேய்த்துக்கொண்டு பின்கட்டில் உட்கார்ந்திருந்தார். சட்டை ஆணியில் தொங்கியது. கடிகாரத்தை எடுத்து, பழைய தடம் எந்த இடத்தில் இருந்தது என்று நிதானமாக அளந்து, முன்பல்லால் ஒரு கடி கடித்தேன். பதியவில்லை. குழந்தையாக இருந்தபோது என்ன பலம் இருந்திருக்கிறது எனக்கு என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே, கண்ணை மூடி, தாடையை இரண்டு கையாலும் அழுத்தி மறுபடி கடித்தேன். ‘டக்’ என்று மூடி உள்ளே போயிற்று. பாலிஷில் தேய்ந்த மூடி. கனமாக இருந்திருந்தால் என் பல் போயிருக்கும். கடிகாரம் நிற்கவில்லை. எறும்பு அதே நடையில் நடந்துகொண்டிருந்தது. கம்பெனி சர்வீஸின் தரத்துக்கு இதைவிட நல்ல நற்சாட்சிப் பத்திரம் அந்தக் கம்பெனிக்கு யாரும் கொடுத்திருக்கமாட்டார்கள்.

குளித்துவிட்டு வந்து சட்டையைப் போட்டுக்கொண்ட அப்பாவின் விரல் வழக்கம்போலப் பைக்குள் போனது. அங்கேயே நின்றது. வெளியே எடுத்துப் பார்க்கக்கூட இல்லை.

“இங்க வா. வாயைத் தொற” என்றார்.

திறந்தேன். எனக்கு அப்போதுதான் முன்பற்கள் விழுந்து முளைத்து, ரம்பம் மாதிரி விளிம்போடு இருந்தன. கடிகாரத்தை என் வாய்க்குப் பக்கத்தில் பிடித்துத் தடத்தையும் பல்லையும் மாறி மாறிப் பார்த்தார். தோல் பார்க்கிற அதே பார்வை.

“எதுக்குடா கடிச்ச?”

“பழைய தடம் போயிடுச்சுப்பா. துரை வந்தா நம்மளப் பொய்யின்னு நெனச்சிப்பாரு.”

அப்பா கடிகாரத்தைச் சட்டைப்பையில் போட்டார்.

“பல்லு வலிக்குதா?”

“இல்லப்பா.”

“வலிச்சா சொல்லு. கஞ்சி வெக்கச் சொல்றேன்.”

அவ்வளவுதான். அடி விழவில்லை. சமையலறையில் அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். தங்கம் சேதமானதற்கு அழுகிறாள் என்று நினைத்தேன். அன்று முழுவதும் அடியை எதிர்பார்த்து, அது வராததால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நானே போய் அப்பா முன்னால் நின்றேன். “போய்ப் படு” என்றார்.

தை பிறந்தது. துரை வந்து புலியைக் கேட்டார். அப்பா அந்த வருஷம் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கடிகாரத்தைக் காட்டியதை நான் பார்த்ததில்லை. துரை மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூடியைப் பார்த்தார். என் வாயைப் பார்த்தார். மறுபடி மூடி. அப்புறம் மெதுவாகத் தலையை நிமிர்த்தி அப்பாவின் வாயைப் பார்த்தார். சாயபுவிடம் இங்கிலீஷில் என்னவோ சொன்னார். சாயபு தோல் அடுக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிப்பில் அவர் தொப்பி கழன்று விழுந்தது. அப்பாவின் காது இரண்டும் சிவந்திருந்தன.

அன்று துரை ஒரு டப்பாவுக்குப் பதிலாக இரண்டு டப்பா எடுத்தார். ஒன்றை என்னிடமும் ஒன்றை அப்பாவிடமும் நீட்டினார்.

“இது எதுக்கு, துரை?” என்றார் அப்பா.

“புதுப் புலிக்கு ஒண்ணு, பழைய புலிக்கு ஒண்ணு.”

கணக்கு எனக்கு உடனே புரிந்தது. குழந்தையாகக் கடித்த நான் பழைய புலி. இப்போது கடித்த நான் புதுப் புலி. வீட்டுக்குப் போகிற வழியில் இந்த நியாயத்தை அப்பாவுக்கு விளக்கிச் சொன்னேன். பாலாற்று மணலைத் தாண்டும் வரை கேட்டுக்கொண்டே வந்தவர், கையிலிருந்த டப்பாவையும் என்னிடம் கொடுத்துவிட்டார். நியாயத்துக்குத் தலைவணங்குகிற மனிதர் என்று அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

அப்பா காலமான பிறகு கடிகாரம் என்னிடம் வந்தது. போன வருஷம் அதைச் சென்னையில் அந்தக் கம்பெனியின் ஏஜெண்டிடம் கொண்டுபோனேன். மூடியையும் பாலிஷ் போட்டுச் சொட்டையை எடுத்துவிடலாம், புதுசு மாதிரி ஆகிவிடும் என்றார். உள்ளே என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், மூடியைத் தொடாதீர்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கடிகாரத்தைக் கொடுத்துவிட்டுக் அதன் காலி மரப்பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து பஞ்சை உதறியபோது அடியில் அந்தப் பழைய கடிதம் நாலாக மடித்தபடி இருந்தது. அப்பாவின் விரல் நின்ற வரி இதுதான்: பின்மூடியில் இரண்டு பற்களின் அழுத்தம், வளர்ந்த ஆளுடையவை, நீக்கப்பட்டது.

இலக்கியம், சரித்திரம் என்று ஒரு அலமாரி நிறையப் படித்தவன் நான். அதையெல்லாம் கூட்டிச் சேர்த்து இரண்டு நாள் யோசித்து, உண்மையைக் கண்டுபிடித்தேன். அந்த வாரமே ஆம்பூருக்கு ரயிலேறி, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவின் எதிரில் உட்கார்ந்து, பீடிகையெல்லாம் போட்டு, அந்த முதல் தடம் என்னுடையதல்ல, அப்பாவுடையது என்று அறிவித்தேன்.

அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இதச் சொல்லவா டிக்கெட்டு வாங்கிகினு வந்த? துரை குடுத்தது தங்கமில்ல, கில்ட்டா இருக்கப்போவுதுன்னு எவனோ சொன்னான்னு கடிச்சாரு. கடிச்சிட்டு மூணு நாளு கஞ்சி. அப்ப உனக்குப் பல்லே மொளைக்கல. ரெண்டு டப்பா வந்த அன்னிக்கே ஊருக்கெல்லாம் தெரிஞ்சுபோச்சு. பாவம் அந்த மனுசன், பிஸ்கட்டுன்னா உசிரு. அவருக்குன்னு வந்தது அந்த ஒரே டப்பா. அதையும் நீயே தின்னுட்ட.”