மண்ணுக்குள் போன கடப்பாரை

தண்ணீர்க் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டுகிறவளுக்குச் சொந்தபந்தம் வைத்த பெயர் கடப்பாரை. ஒல்லி உடம்பு, வளையாத முதுகு, அதைவிட வளையாத வாய். மேஸ்திரி அவளுக்குப் பெரியப்பா மகன்தான். அண்ணன் முறை என்றாலும் சின்ன வயதிலிருந்தே இருவருக்கும் ஏட்டிக்குப் போட்டி.

முட்டுக்கொடுக்காத பள்ளத்தின் சுவர் சரிந்து ஒருநாள் அவள் மார்பளவு மண்ணில் புதைந்தாள். கூட இருந்தவர்கள் கையாலேயே மண்ணைப் பறித்து அவளை இழுத்துப் போட்டார்கள். அவள் தோண்டிய இரும்புக் கடப்பாரை உள்ளேயே தங்கிவிட்டது.

சுளுக்கிய கால் ஆறும் முன்பே தையல்காரக் கணவர் ஆரம்பித்தார்.

"போதும்டி. பட்டனுக்குக் காஜா எடுக்கக் கத்துத் தரேன், வீட்டோட இரு."

"ஊசி பிடிக்கிற கையா இது? உங்க துணியெல்லாம் கந்தலாயிடும்."

"மண்ணு உன்னை முழுங்கப் பாத்துச்சே!"

"பிடிக்காம துப்பிடுச்சுல்ல?"

அந்தக் குழுவில் ஆளுக்கொரு கடப்பாரை. ஒருவருடையதை இன்னொருவர் தொடமாட்டார். கடப்பாரை இல்லாதவர் கூடைதான் சுமக்கவேண்டும். சரிந்த இடத்தை மூடிவிட்டுக் குழாயை வேறு பக்கமாகக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், நொண்டிக்கொண்டே போய்ப் பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரிம்மா, மூடணும்" என்றான் மேஸ்திரி.

"என் கடப்பாரையை எடுத்தப்புறம் மூடு. முதல்ல ரெண்டு பக்கமும் பலகை வெச்சு முட்டுக் குடு, இறங்கறேன்."

"புதுசு வாங்கிக்கலாம் தாயே! அதுவரைக்கும் கூடை தூக்கேன். பொம்பளைக்கு அது போதாதா?"

"கூடையை உன் தலையில வை அண்ணே. பாரம் இருந்தாலாவது ஆடாம நிக்கும்."

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். மேஸ்திரிக்கு முகம் சிவந்தது.

"பலகைக்கு நான் எங்க போவேன்?"

"கொட்டகையில மத்தியானம் கால்நீட்டிப் படுக்கிறியே, அந்தக் கட்டில் என்ன பஞ்சுலயா செஞ்சது?"

இரண்டு பேர் கூடையைப் போட்டுவிட்டுக் கொட்டகைக்கு ஓடினார்கள். மேஸ்திரி கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. கட்டில் பலகை பலகையாகப் பிரிந்து பள்ளத்துக்குள் இறங்கியது. அவற்றுக்கு நடுவே அவளும் இறங்கினாள்.

மண்வெட்டியால் வெட்டினாள், கையால் அள்ளினாள். கடைசியில் பிடியில் சுற்றியிருந்த நீலத்துணி தெரிந்தது; கணவர் வெட்டிப்போட்ட துண்டு. இரண்டு கையாலும் பற்றி ஆட்டி உருவினாள்.

"கையைக் குடு, தூக்கிவிடறேன்" என்று மேலிருந்து கை நீட்டினான் மேஸ்திரி.

அந்தக் கையைப் பிடிக்காமல் கடப்பாரையை ஊன்றி அவளே ஏறி வந்தாள்.

"உன் கைக்கு வேற வேலை இருக்கு அண்ணே. பலகையைக் கழட்டி அடுத்த பள்ளத்துக்குக் கொண்டா. நாளையிலிருந்து நீ தரையில படு."