மூன்று வாரக் காமாலை

எனக்கு மஞ்சள் காமாலை வந்ததே இல்லை. ஆனால் மூன்று வாரம் அதில் படுத்துக் கிடந்தேன் என்று ஆரப்பாளையத்து டாக்டர் ஒருவர் கையெழுத்துப் போட்ட காகிதம் எங்கள் வீட்டு பீரோவில் இருந்தது.

என் மார்க்குகளின் லட்சணம் அப்படி. எஸ்.எஸ்.எல்.சி.யில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவது. அடுத்த வருடம் காலேஜ் புகுமுக வகுப்பான பி.யூ.சி.யில் பௌதிகமும் ரசாயனமும் தட்டுத் தடுமாறிப் பாஸ். பிறகு மூன்று வருடம் பி.எஸ்ஸி. விலங்கியல் படித்து முதல் வகுப்பு வாங்கினேன். மெடிக்கல் காலேஜுக்கு விண்ணப்பம் போட்டபோது, நடுவில் கிடந்த அந்த ஒரு வருடப் பள்ளத்தைத்தான் இன்டர்வியூவில் தோண்டுவார்கள் என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். சொல்லிவிட்டுக் காபியைக் குடித்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். தூக்கம் கெட்டது எனக்கு.

அப்பாவிடம் காரணம் தயாராக இருந்தது. பி.யூ.சி. பரீட்சைக்கு முந்தைய படிப்பு விடுமுறையில் எனக்கு நாலு நாள் காய்ச்சல் அடித்தது. அதுதான் பிள்ளையைக் கவிழ்த்துவிட்டது என்று அவர் ஊரெல்லாம் சொல்லிவந்தார், நானும் ஆமாம் போட்டுவந்தேன். நாலு நாள் காய்ச்சலெல்லாம் இன்டர்வியூ கமிட்டிக்குக் காணாது என்று அவருடைய ஆபீஸ் நண்பர் சொன்னதும், காய்ச்சலுக்குக் காமாலையாகப் பதவி உயர்வு கிடைத்தது.

காகிதத்தில் பழைய தேதி, ஆனால் காகிதம் புத்தம் புதிது. அப்பா அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் சைக்கிளில் ஆபீஸ் போய்வந்தார். மதுரை வெயிலில் வேர்த்து ஊறியதில் அது பழுத்துப் போயிற்று. அம்மாவுக்கு வேறு கவலை. காமாலை வந்த பெண் என்று வெளியே பரவினால் நாளைக்கு யார் கட்டிக்கொள்வான் என்று அடுப்படியில் முனகிக்கொண்டிருந்தாள்.

நாங்கள் செல்லூரில் குடியிருந்தோம். சுற்றிலும் தறிச் சத்தம். அதற்கு நடுவில் உட்கார்ந்து காமாலையைப் பற்றி இங்கிலீஷில் ஆறு வாக்கியம் மனப்பாடம் செய்தேன். தறி ஓய்ந்தாலும் அந்த ஆறும் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தன. சோறு இறங்கவில்லை. கண்ணாடியில் பார்த்தால் நிஜமாகவே முகம் வெளிறியிருந்தது. இப்படியே போனால் அந்தக் காகிதம் உண்மையாகிவிடும் போலிருந்தது.

அப்பா ஹெட்கிளார்க். ஃபைல் போடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. என் பெயர் அச்சடித்த எந்தக் காகிதத்தையும் அவர் விடவில்லை. கோ-கோ விளையாட்டில் வாங்கிய சர்டிபிகேட் உட்பட எல்லாவற்றையும் தேதி வாரியாக நூல் கோத்துக் கட்டிக் கொடுத்தார்.

இன்டர்வியூவில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் தலை நரைத்த டாக்டர். பி.யூ.சி.யில் என்ன ஆயிற்று என்று கேட்டார். ஆறு வாக்கியங்களையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அவர் காமாலைக் காகிதத்தைப் பார்த்தார். ஒரு பக்கம் திருப்பினார். மறுபடி முந்தைய பக்கத்துக்கு வந்தார். பிறகு ஃபைலை என் பக்கம் திருப்பி இரண்டு விரல்களை இரண்டு காகிதங்களில் வைத்தார். ஒன்று, பிப்ரவரியில் மூன்று வாரம் படுத்த படுக்கை என்றது. அதற்கு அடுத்ததாக அப்பா கோத்திருந்தது, அந்த வருடம் ஒரு நாள் கூட வகுப்புக்கு வராமல் இருந்ததில்லை என்று பி.யூ.சி. காலேஜ் எனக்குக் கொடுத்த பாராட்டுப் பத்திரம்.

டாக்டர் தமிழுக்கு மாறினார்.

“எது நெசம்?”

“இது சார்” என்று பாராட்டுப் பத்திரத்தைக் காட்டினேன். “தெனமும் போனேன். எதுவும் புரியலை. ஸ்கூல்ல எல்லாம் தமிழ்ல படிச்சேன். அங்க எல்லாம் இங்கிலீஷு.”

அவர் ஏதோ எழுதிக்கொண்டார். அப்புறம் தவளையின் இதயத்தைப் பற்றிக் கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். போகலாம் என்றார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்த அப்பா, காகிதத்தைப் பார்த்தார்களா என்றுதான் முதலில் கேட்டார். பார்த்தார்கள் என்றேன். அது பொய்யில்லை.

அதற்குப் பிறகு ஒரு மாதம் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். போலிக் காகிதம் கொடுத்ததற்கு போலீஸ் வருமோ, அப்பாவின் வேலை போய்விடுமோ என்றெல்லாம் பயந்தேன். வாசலில் காக்கிச் சட்டை தெரிந்தால் தபால்காரர்தான் என்று தெரிவதற்குள் உயிர் போய் வந்தது. ஒரு நாள் அந்தத் தபால்காரரே மெடிக்கல் காலேஜ் கார்டைக் கொண்டுவந்து கொடுத்தார். இடம் கிடைத்திருந்தது.

அப்பா அழுதார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு அல்வா வாங்கப் போனார். அது ஆரப்பாளையத்து டாக்டருக்காம். அந்த மனுசர் காகிதம் மட்டும் இல்லையென்றால் இன்றைக்கு இது நடந்திருக்குமா, நீயும் கூட வந்து கும்பிட்டுவிட்டு வா என்றார். அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வர நான் பக்கத்தில் நடந்தேன். வழி நெடுக அந்தக் காகிதத்தின் பெருமைதான். வைகைப் பாலத்தில் பாதி தூரம் வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டேன்.

அப்பா நின்றுவிட்டார். சீட்டுப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கத்தப் போகிறார் என நினைத்தேன். அவர் சீட்டைப் பற்றிப் பேசவே இல்லை.

“அப்ப அந்த வருசம் பூராவும் ஒண்ணும் புரியாமயா போயிட்டு வந்த?”

“ஆமாப்பா.”

“சாயங்காலம் வந்ததும் கேப்பேன். நல்லாப் போச்சுப்பான்னு சொல்லுவியே.”

நான் பாலத்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வந்த அன்றே என் மகள் டாக்டர் என்று ஆபீஸ் முழுக்க மிட்டாய் கொடுத்த மனிதர். அவரிடம் போய் எப்படிச் சொல்லியிருப்பேன்?

“யாருன்னே தெரியாத ஆளுட்ட சொல்லிருக்க. எங்கிட்ட சொல்ல உனக்கு அம்புட்டு பயமாம்மா?”

ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இல்லை என்று இன்னொரு பொய் சொல்லவும் மனசு வரவில்லை. அப்பா சைக்கிளைத் திருப்பி வீட்டுக்கு உருட்ட ஆரம்பித்தார்.