யோகன் அண்ணையின் ட்ரெயிலரைத் துரத்திப் போன நாள்

1. துணிக்குக் கீழே

வேலை மேசையைத் துடைக்கலாம் என்று கிரீஸ் துணியைத் தூக்கினேன். அதற்குக் கீழே ஒரு ஸ்ப்ளிட் பின் கிடந்தது. புத்தம் புதியது, கால்கள் இரண்டும் மடங்காமல் நேராக இருந்தன.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். ட்ரெயிலரின் சில்லு, அதாவது சக்கரம், மாட்டியிருக்கும் ஹப், அச்சிலிருந்து கழன்று வராமல் பிடித்திருப்பது ஒரு பெரிய நட்டு. அந்த நட்டு தளராமல் இருக்க, அதன் ஊடாக ஒரு பின்னைச் செருகி, கால்களை மடக்கி, மேலே தகர மூடியைத் தட்டி அடைக்க வேண்டும். விரல் நீளம்கூட இல்லாத கம்பிதான். அது இல்லாவிட்டால் நட்டு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். கடைசியில் ஹப்போடு சேர்ந்து சில்லு தனியே ஓடிவிடும்.

யோகன் அண்ணையின் ட்ரெயிலருக்கு இரண்டு சில்லுகள். முதல்நாள் வியாழக்கிழமை பெட்டியிலிருந்து இரண்டு பின் எடுத்துத் துணியில் வைத்தேன். இப்போது ஒன்று என் கையில் இருந்தது. நேரம் பத்தரை. யோகன் அண்ணையும் அவர் மனைவி ரதி அக்காவும் காரில் அந்த ட்ரெயிலரை இழுத்துக்கொண்டு ஒன்பது மணிக்கே வெளிக்கிட்டுப் போய்விட்டார்கள்.

கராஜ் முதலாளி குணம் அண்ணை வாசலில் ரயர் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"குணம் அண்ணை, நேற்று ட்ரெயிலரின்ரை வலப்பக்க மூடியை நீங்கள்தானே அடிச்சனீங்கள்?"

"ஓம். நீ போனிலை ஆரோ பிரெஞ்சுக்காரனோடை கதைச்சுக்கொண்டு நிண்டாய். யோகன் வந்து கெதியா வேணுமெண்டு அவதிப்பட்டார். நான் தட்டி மூடினன்."

"உள்ளுக்குப் பின் இருந்ததோ?"

அவர் கையிலிருந்த ரயரைக் கீழே வைத்தார். "நீ போட்டிருப்பாய் எண்டு நினைச்சன்."

"பாத்தனீங்களோ?"

"பாக்கேல்லை."

பின்னை நீட்டிக் காட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. "நீ மூண்டு எடுத்திருப்பாய், வசந்தி. யோசிச்சுப் பார்."

யோசித்தேன். இருபது வருட வேலையில் நான் ஒருநாளும் மூன்று எடுத்ததில்லை. ஆனால் அன்று எடுக்கவில்லை என்று சத்தியம் செய்யவும் முடியவில்லை. பின்னைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

2. காரும் ட்ரெயிலரும்

யோகன் அண்ணை முப்பது வருடம் டாக்ஸி ஓடியவர். அதற்கு முன்னர், இந்த நாட்டுக்கு வந்த புதிதில், ஒரு பணக்காரரின் கார்களைக் கழுவும் வேலை. அவற்றில் ஒன்று இஞ்சித் தேத்தண்ணி நிறத்தில் கப்பல் போல நீண்ட அமெரிக்கக் கார். இரண்டு வருடம் அதைக் கழுவியும் ஒருநாளாவது உள்ளே உட்கார விடவில்லையாம். டாக்ஸியை விட்டதும் அதே மாதிரிக் காரைத் தேடி, துருப்பிடித்த நிலையில் வாங்கினார். அதோடு ஐம்பது வருடப் பழசான ஒரு ஃபைபர்கிளாஸ் ட்ரெயிலரும். இரண்டு பேர் படுக்கக்கூடிய, முட்டை வடிவ வெள்ளைச் சின்ன வீடு.

இரண்டையும் இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு எங்கள் கராஜுக்கு வந்தார்.

"இஞ்சை மெக்கானிக் ஆர்?"

"நான்தான்."

"பகிடி விடாதை பிள்ளை. ஆரெண்டு சொல்லு."

குணம் அண்ணைதான் சிரித்துக்கொண்டு வந்து, "அவதான். பிரேக் வேலையெண்டால் நானே அவவிட்டைத்தான் கேக்கிறனான்" என்றார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க எனக்கு அந்த இரண்டோடும்தான் வேலை. காரின் தரைத்தகட்டை வெட்டி எறிந்து புதிதாக வெல்ட் செய்தேன். பிரேக் குழாய் ஒன்றுகூட மிஞ்சவில்லை, எல்லாம் மாற்றினேன். ட்ரெயிலரின் பலகைத் தரை உக்கிப்போய்க் கையால் அள்ளக்கூடியதாக இருந்தது. அலுமாரிக்குள் அணில் கூடு. அச்சைக் கழற்றி, புது ஹப் இரண்டும் புது பேரிங்குகளும் நானே பொருத்திப் பூட்டினேன்.

ரதி அக்கா ஜன்னல்களுக்குத் திரைச்சீலை தைக்க அளவெடுக்க ஒருநாள் வந்தார். சனங்கள் மோட்டலில் தங்குகிற காலத்தில் இந்த மனுசனுக்கு ஏன் இந்த ஆசை என்று புறுபுறுத்துக்கொண்டே அளந்தார். போகும்போது என் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குப் பயமாக் கிடக்கு. முட்டைக்கோது மாதிரி இருக்கு. றோட்டிலை உடையாதோ?"

"உடையாது அக்கா. நான் பூட்டினது."

அன்று அதைச் சொல்ல எனக்குப் பெருமையாக இருந்தது.

3. இருபதாம் இலக்க நெடுஞ்சாலை

யோகன் அண்ணையின் போனுக்கு ஆறு தடவை அடித்தேன். எடுக்கவில்லை. டாக்ஸிக்காரர், ஓடும்போது போனைத் தொடமாட்டார். ரதி அக்காவின் போன் நேரே பதிவுக்குரலுக்குப் போனது.

"மனிசரைச் சும்மா வெருட்டாதை," என்றார் குணம் அண்ணை. "வழியிலை சாப்பிட நிப்பினம். அப்ப எடுப்பினம்."

"அதுக்கு முதல் கழண்டால்?"

நான் ஜாக்கி, பேரிங் ஒரு சோடி, கிரீஸ் டின், கருவிப் பெட்டி எல்லாவற்றையும் என் காரில் ஏற்றினேன்.

அவர்கள் போவது கெபெக்கின் கிழக்குக் கோடியில், கடலோரம் இருக்கும் காஸ்பே பக்கம். கிழக்கே போக, எங்கள் நகரத்தை ஒட்டி ஓடும் பெரிய ஆற்றின் வடகரையில் ஒரு நெடுஞ்சாலை, தென்கரையில் இருபதாம் இலக்கம். பிழையான கரையில் போனால் நாள் முழுக்க ஓடினாலும் அவர்களைக் காணமாட்டேன். அப்போதுதான், ஆற்றுக்கு அந்தப்பக்கம் லொங்குய்யில் இருக்கும் தங்கச்சி வீட்டில் சாப்பாட்டுப் பார்சல் வாங்கவேண்டும் என்று ரதி அக்கா காலையில் சொன்னது நினைவுக்கு வந்தது. அப்படியென்றால் தென்கரை. ஆற்றுக்கு அடியால் போகும் சுரங்கப்பாதைக்குள் காரை விட்டேன்.

லொங்குய்யில் ஒரு மணி நேரமாவது நிற்பார்கள், நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ட்ரமண்ட்விலுக்கு முன்னரே பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். தூரத்தில் வெள்ளையாக எது தெரிந்தாலும் நெஞ்சு துள்ளியது. கிட்டப் போனால் பால் லொறி, குளிர்பதன லொறி. ஒவ்வொரு முறையும் ஏமாற்றம். அதோடு ஒரு நிம்மதியும்.

போகிற வழியெல்லாம் குணம் அண்ணையைத்தான் மனதுக்குள் திட்டினேன். என்னைக் கேட்காமல் எப்படி மூடினார்? இடப்பக்கத்தை நான் வியாழன் காலையிலேயே ஆறுதலாக, ஒருவரும் குறுக்கிடாமல் முடித்தேன். வலப்பக்கத்தில்தான் எல்லாம் குழம்பியது. அவர் கை வைத்த பக்கம்.

அந்த நேரம் அவரே எனக்குப் போன் எடுத்தார். "எங்கை நிக்கிறாய்?"

"ட்ரமண்ட்வில் வருது. காணேல்லை."

"வசந்தி, ஒண்டு சொல்லுறன். பொலிசுக்கு மட்டும் அடிச்சுப் போடாதை. கராஜின்ரை பேர் நாறிப் போகும். உன்ரை பேரும்தான்."

"சரி" என்றேன். உண்மையைச் சொன்னால், அவர் சொல்வதற்கு முன்னரே அதே யோசனை எனக்குள்ளும் இருந்தது. பொலிசுக்கு அடித்தால், பூட்டியது யார் என்று கேட்பார்கள்.

இன்னும் சில கிலோமீட்டரில் வாகனங்கள் ஊரத் தொடங்கின. முன்னால் அம்புலன்ஸ் வெளிச்சம். பள்ளத்தில் வெள்ளையாக ஒன்று கவிழ்ந்து கிடந்தது, ஒற்றைச் சில்லு வானத்தைப் பார்த்தபடி. என் கால் பிரேக்கிலேயே ஒட்டிக்கொண்டது. பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான். கிட்ட ஊர்ந்து போய்ப் பார்த்தால் படகு ஏற்றும் ட்ரெயிலர். பக்கத்தில் ஒரு ஆள் கையை உதறிக்கொண்டு போனில் பேசிக்கொண்டு நின்றார்.

அடுத்த வெளியேறும் வழியில் இறங்கிக் காரை நிறுத்தினேன். கதவைத் திறந்து வாந்தி எடுத்தேன். பிறகு அவசர இலக்கத்துக்கு அடித்தேன்.

இஞ்சித் தேத்தண்ணி நிறம் என்று பிரெஞ்சில் எப்படிச் சொல்வது? பழைய பெரிய கார், மண்ணிறம், முட்டை மாதிரி வெள்ளை ட்ரெயிலர், வயதான தமிழ்த் தம்பதி என்றேன். என்ன பிரச்சினை என்று கேட்டாள் மறுமுனையில் இருந்த பெண். சில்லு கழன்றுவிடலாம் என்றேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்றாள்.

"நான்தான் அதைப் பூட்டிய மெக்கானிக்," என்றேன்.

என் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

மறுபடி காரை எடுத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடி, கெபெக் நகருக்கு நேர் எதிர்க்கரையைத் தாண்டும்போது மறுபடி போன் அடித்தது. "கண்டுபிடித்துவிட்டோம், மடாம்," என்றது ஒரு குரல். எந்த நிலையில் என்று சொல்லவில்லை. இரண்டு மூன்று வினாடி இருக்கும். பிறகு அந்தக் குரல், மொன்மன்யிக்குக் கொஞ்சம் முன்னால் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறோம், இரண்டு பேரும் சுகம், வாருங்கள் என்றது.

4. இரண்டு மூடிகள்

யோகன் அண்ணை காருக்கு வெளியே, டாக்ஸி ஓடிய காலத்துப் பழக்கமோ என்னவோ, லைசென்ஸைக் கையில் பிடித்தபடி நின்றார். ரதி அக்கா வாங்குப் பலகையில் உட்கார்ந்து அழுது முடித்த முகத்தோடு இருந்தார். பக்கத்தில் இளம் பொலிஸ்காரி ஒருத்தி.

"பொலிஸ் மறிக்க, பிள்ளையளுக்குத்தான் என்னவோ நடந்துபோச்செண்டு நினைச்சன்," என்றார் ரதி அக்கா. "என்ன வசந்தி இது?"

"ஒரு நிமிசம் அக்கா."

ஜாக்கியைப் போட்டு வலப்பக்கத்தைத் தூக்கி, மூடியைக் கழற்றினேன். உள்ளே பின் இருந்தது. ஒரு கால் மேலே, மற்றது கீழே, நான் எப்போதும் மடக்குகிற மாதிரி. என் கைவேலை.

விரலால் தட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

"அப்ப ஒண்டும் இல்லையோ?" என்றார் யோகன் அண்ணை.

"இந்தப் பக்கம் ஒண்டும் இல்லை, அண்ணை."

"பிறகென்ன? வெளிக்கிடுவம். இவ வேற பயந்துபோனா."

பொலிஸ்காரி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். குணம் அண்ணை சொன்ன மாதிரி மூன்று பின்தான் எடுத்திருக்கிறேன் போல. இவ்வளவு சனத்தையும் சும்மா வெருட்டிவிட்டேன். மூடியைத் தட்டி அடைத்தேன், ஜாக்கியை இறக்கினேன், கருவிப் பெட்டியையும் பூட்டிவிட்டேன். இடப்பக்கத்தைப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதில் சந்தேகமே இருக்கவில்லை. அந்தப் பின்னை மடக்கிய நினைவுகூடத் தெளிவாக இருந்தது.

ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு ட்ரெயிலரின் பின்னால் சுற்றி, இடப்பக்கம் நின்ற என் காருக்கு நடந்தேன். அப்போது இடப்பக்கச் சில்லு கண்ணில் பட்டது. நடுவிலிருந்த தகர மூடி வெளியே புடைத்திருந்தது, உள்ளே இருந்து யாரோ இடித்தது போல.

குனிந்து கை வைத்தேன். சுட்டது. ஜாக்கியைப் போட்டுத் தூக்கி, சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். கையோடு சரிந்தது.

மூடியைக் கழற்றினேன். அதன் உட்பக்கத்தில் நட்டு உரசி உரசி வெட்டிய பளபளப்பான வட்டம். பின் இல்லை. நட்டு மூன்று சுற்றுத் திரும்பி, கடைசிப் புரிகளில் நின்றது. விரலாலேயே சுழற்றி எடுத்தேன்.

மடக்கிய நினைவு என்றேனே, அது வேறு ஏதோ ஒரு வண்டியின் நினைவு. இருபது வருடத்தில் எத்தனை நூறு பின் மடக்கியிருப்பேன். அதில் ஒன்றை எடுத்து என் மனம் இந்த இடத்தில் வைத்துவிட்டது.

யோகன் அண்ணை குனிந்து பார்த்தார். வாகனம் தெரிந்த மனிதர், நான் விளக்கவேண்டி இருக்கவில்லை. நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "இது குணம் மூடின பக்கமோ?" என்று கேட்டார். நான் போனில் பேசிக்கொண்டு நின்றதை அவரும் கண்டவர்தான்.

"இல்லை அண்ணை. இது நான் பூட்டி நானே மூடினது."

ரதி அக்கா எழுந்து வந்தார். "என்னட்டை என்ன சொன்னனி நீ?"

காரிலிருந்து பேரிங்கையும் கிரீஸ் டின்னையும் எடுத்து வந்தேன்.

பேரிங்கைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதைப் பூட்டினேன், கிரீஸ் போட்டேன், நட்டை இறுக்கினேன், சட்டைப் பையில் இருந்த அந்தப் பின்னைச் செருகி மடக்கினேன். மூடுவதற்கு முன்னர் மூன்று பேரையும் பார்க்கச் சொன்னேன். பொலிஸ்காரியும் முழங்காலில் நின்று பார்த்தாள். குற்றச்சீட்டு எழுதப்போகிறாள் என்று நினைத்தேன். நீங்கள் அழைத்தது நல்லது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ரதி அக்கா அந்தக் காரில் ஏற மறுத்துவிட்டார். யோகன் அண்ணை தனியே முன்னால் போக, ரதி அக்கா என் காரில் இருந்தார். ட்ரெயிலருக்குப் பின்னால், அந்த இடப்பக்கச் சில்லைப் பார்த்தபடி, நூறு கிலோமீட்டருக்கு மேல் மெதுவாக ஓடினோம். பெரிய பள்ளம் வரும்போதெல்லாம் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்தோம். பாதி வழியில் அவர் தங்கச்சி கொடுத்த பார்சலைப் பிரித்து, ஒரு ரோல்ஸை என்னிடம் நீட்டினார்.

"தின். காலமையிலை இருந்து ஒண்டும் தின்டிருக்கமாட்டாய்."

தின்றேன்.

ரிவியேர்-டு-லூப்பில் முகாமிடும் இடத்தில் நிறுத்தியதும் நாங்கள் இரண்டு பேரும் ஓடிப்போய் ஹப்பில் கை வைத்தோம். கதகதப்பு மட்டும்தான். இரண்டாம் தரமும் வைத்துப் பார்த்துவிட்டு ரதி அக்கா, "சரி. இனி நான் அவரோடை போறன்," என்றார். அவர்கள் காஸ்பேயைச் சுற்றிக்கொண்டு இரண்டு கிழமை கழித்து வந்து சேர்ந்தார்கள்.

அன்று அங்கிருந்து திரும்பும் முன் குணம் அண்ணைக்குப் போன் எடுத்தேன். "பிழை உங்கடை இல்லை. என்ரை பக்கம்," என்றேன்.

"நானும் பாக்காமல்தானே மூடினனான்," என்றார். "பாத்து வா."

5. பிறகு

திங்கட்கிழமையிலிருந்து எங்கள் கராஜில் ஒரு பழக்கம் வந்தது. பூட்டியவர் ஒருவர், மூடுவதற்கு முன் பார்ப்பவர் இன்னொருவர். இரண்டு பக்கமும். நான் பூட்டியதைக் குணம் அண்ணை பார்ப்பார், அவர் பூட்டியதை நான் பார்ப்பேன். ஆரம்பத்தில் இரண்டு பேருக்குமே கூச்சமாக இருந்தது. அவசரத்தில் நிற்கும் வாடிக்கையாளர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

புதியவர்களிடம் நான் சொல்வது இதுதான். எல்லோரும் சந்தேகம் உள்ள இடத்தைத் தாங்களாகவே திறந்து பார்ப்பார்கள், அதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. உனக்குச் சந்தேகமே இல்லாத இடத்தை வேறொரு ஆளுக்குத் திறந்து காட்டு. அந்த ஓய்விடத்தில் நான் யோகன் அண்ணையின் காருக்கு முன்பக்கமாகச் சுற்றி நடந்திருந்தால், அந்த மூடி என் கண்ணில் பட்டிருக்காது. நானே கை காட்டி அவர்களை அனுப்பியிருப்பேன்.