ஞானதாசனின் பலகை

ஞானதாசனுக்கு இரண்டு பெயர். ஞானஸ்நானத்தில் வைத்தது ஒன்று. கடற்புரத்தில் வைத்தது 'ஹெலிகாப்டர்'. மணவாளக்குறிச்சியிலிருந்து நடந்து வரும் தூரத்தில்தான் எங்கள் ஊர். வந்து ஞானதாசன் வீடு எது என்று கேட்டால் நாலு பேர் முழிப்பார்கள். ஹெலிகாப்டர் வீடு என்றால் வாசல்வரை கொண்டுவந்து விட்டுப் போவார்கள்.

நான் அவருக்கு அடுத்த வீட்டுக்காரன். அவர் கடற்படையில் பதினெட்டு வருஷம் இருந்தார். அதில் பன்னிரண்டு வருஷம், பைலட்டுகளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுக்கும் தளம் ஒன்றில் சேத்தக் ஹெலிகாப்டர்களுக்கு மெக்கானிக். தளத்தின் பெயரைக் கேட்டால் சொல்லமாட்டார். ஓய்வு பெற்று ஏழு வருஷமாகியும் ரகசியம் காக்கிறாராம். நாட்டின் பாதுகாப்பே இவர் வாயில்தான் இருக்கிறது போலும் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

ஆனால் ஹெலிகாப்டரைப் பற்றிக் கேட்காமலே சொல்வார்.

"சண்டைக்குப் போற ஹெலிகாப்டர்கூட இவ்வளவு அடி வாங்காது, பாத்துக்கிடும். படிக்க வந்த பயலுவ தூக்கித் தூக்கித் தரையில போடுவானுவ. ஒருத்தன் இறக்கினா நம்ம நெஞ்சு அதிரும். உடனே அடியில படுத்து, சக்கரத்துக்க கால்ல வெடிப்பு உண்டான்னு பாக்கணும். படிக்கியவன் தப்பு செய்யத்தான் செய்வான். அதனால வண்டி தப்பு செய்யப்பிடாது."

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கல்யாண வீட்டிலும் சொல்லுவார், செத்தவர்களுக்கான அடியந்திர வீட்டிலும் சொல்லுவார். எனக்கு அலுத்துப்போய்விட்டது.

இப்போது வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு வள்ளங்களின் இஞ்சின்களைப் பழுது பார்க்கிறார். கொட்டகைச் சுவரில் ஒரு பலகை. ஒவ்வொரு கருவியின் வடிவத்தையும் அதில் சிவப்புப் பெயிண்டில் வரைந்து, அதன் மேலேயே அந்தக் கருவியை மாட்டியிருப்பார். வேலை முடிந்ததும் சிவப்பு ஒன்றும் கண்ணில் படக்கூடாது. பட்டால், அந்தக் கருவி கிடைக்கும்வரை இஞ்சின் வெளியே போகாது. தளத்திலும் அப்படித்தானாம், ஒரு திருப்புளி காணாவிட்டால்கூட அது கிடைக்கும்வரை ஹெலிகாப்டர் எழும்பாதாம். ஸ்பேனரை மணலில் துழாவிக்கொண்டே வேலை செய்யும் மெக்கானிக்குகளைப் பார்த்துப் பழகிய எங்கள் ஊருக்கு இது பெரிய சிரிப்பு.

போன ஆவணியில் அந்தச் சிரிப்பு நின்றது.

ஞானதாசனின் மனைவி செசிலி. அவள் அண்ணன் ஆன்ட்ரூஸ், சொந்தமாக வள்ளம் உள்ளவர். ஆன்ட்ரூஸின் மகன் ரிஜோ, குவைத்தில் வேலை போய் ஊருக்குத் திரும்பியவன். அந்த இருபத்தாறு வயதுக்காரனுக்குக் கடல் தொழில் புதிது. மூன்று மாதம் அப்பாவோடு போய்ப் பழகினான். அந்தச் சனிக்கிழமை, முதன்முறையாக அப்பா கரையில் நிற்க, அவனே இஞ்சின் பிடித்து வள்ளம் கொண்டுபோவதாக ஏற்பாடு. மூன்று நாளாக ஊர் வள்ளங்கள் சாளை மீனை அள்ளிக்கொண்டிருந்தன. மறுநாள் ஞாயிறு, எங்கள் கடற்புரத்தில் யாரும் கடலில் இறங்கமாட்டார்கள். சனியை விட்டால் திங்கள்தான். அதுவரை சாளை காத்துக் கிடக்காது.

வெள்ளிக்கிழமை இஞ்சின் வேலை முடிந்தபோது கரண்ட் போய்விட்டது. பலகையைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஞானதாசன் விட்டுவிட்டார். அது தன் தப்புதான் என்று பிறகு அவரே ஒத்துக்கொண்டார்.

சனிக்கிழமை விடிந்ததும் அப்பாவும் மகனும் இஞ்சின் எடுக்க வந்தார்கள். சத்தம் கேட்டு நானும் போனேன். பலகையில் பத்தாம் நம்பர் ஸ்பேனரின் இடம் சிவப்பாக இருந்தது. ஞானதாசன் இஞ்சினின் மேல்மூடியைத் திறந்து பார்த்துவிட்டார். கொட்டகையையும் கூட்டிப் பார்த்துவிட்டார். இல்லை.

"ஸ்பேனர் இஞ்சினுக்க உள்ள விழுந்து கெடக்கலாம். மொத்தமும் பிரிச்சுப் பாக்கணும் மச்சான். அரை நாள் ஆவும்."

"ஒரு ஸ்பேனருக்காவ எனக்க மவனக் கரையில நிறுத்துதியா மாப்ள?" ஆன்ட்ரூஸின் முகம் கறுத்துவிட்டது. "பயமா இருந்தா நீயும் கூடப் போ."

"நான் போனா ஸ்பேனர் வெளிய சாடுமா? நடுக்கடல்ல இஞ்சின் நின்னா என்ன செய்யணும்னு உங்களுக்குத் தெரியும். நீங்க போறதா இருந்தா ஒருவேளை தந்திருப்பேன். அவன் இன்னைக்குத்தானே படிக்கியான்."

ரிஜோ தலையைக் குனிந்துகொண்டான். ஆன்ட்ரூஸ் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"இனி உனக்க கொட்டகையில கால் வைக்கமாட்டேன். ஏலே, வா."

மற்ற வள்ளங்கள் போயின. மதியத்துக்குள் சாளையோடு திரும்பியும் வந்தன. எனக்கே ஆத்திரம் தாங்கவில்லை. "உம்ம பட்டாளப் பிடிவாதத்தை வீட்டாளுக்கிட்டயா காட்டணும்?" என்று கேட்டேன். அவர் தார்ப்பாயில் இஞ்சினைத் துண்டு துண்டாகப் பரப்பி, ஒவ்வொன்றையும் தூக்கி அடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு செசிலி அடுக்களையிலிருந்து வந்தாள். கையில் அரிசிமாவு, மாவோடு ஸ்பேனர்.

"இதயா காலையிலேருந்து தேடுதீங்க? கிரைண்டர் ஆடிச்சு. விடியக்காலம் கரண்ட் வந்ததும் இத எடுத்து போல்ட்ட முறுக்கினேன். அடியிலயே கெடந்துட்டு."

வீடு இரண்டாகப்போகிறது என்று நினைத்தேன். ஞானதாசன் அப்படியே தரையில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்பாடா, இஞ்சின்ல இல்ல" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. செசிலிதான் அழுதாள். அண்ணனின் ஒருநாள் மீன்பாட்டைக் கெடுத்தது தன் தோசைமாவு அல்லவா. அன்று சாயங்காலமே அண்ணன் வீட்டுக்குப் போய், நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டு வந்தாள்.

ஞாயிறு பூசையில் மச்சானும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். மறுபடி பூட்டிய இஞ்சின் கொட்டகையில் கிடந்தது. ஆன்ட்ரூஸ் ஆள் அனுப்பி இஞ்சினை எடுத்துப்போய் வேறு மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுவார் என்று ஊரே சொன்னது. நானும் சொன்னேன்.

திங்கள் விடியும்போது வாசலில் ஆன்ட்ரூஸே நின்றார், பின்னால் ரிஜோ. ஞானதாசன் எழுந்து நின்றார். ஆன்ட்ரூஸ் அவரைப் பார்க்கவில்லை, இஞ்சினையும் பார்க்கவில்லை. நேரே பலகைக்கு முன்னால் போய் நின்றார். மேல் வரிசையில் தொடங்கி, ஒவ்வொரு கருவியாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். உதடு மட்டும் அசைந்தது. கடைசிக் கருவியைத் தொட்டதும் முதலிலிருந்து இன்னொரு தடவை தொட்டார்.

பிறகுதான் மகன் பக்கம் திரும்பினார்.

"எல்லாம் இருக்கு மக்கா. எடு."