ஈரம் படாத இடம்

‘நீங்க எழுதினபடியே மழைக்காலப் பெட்டி தயார் செஞ்சிட்டோம். ஒருநாள் வந்து பாத்துச் சொல்லணும்.’

அஞ்சலட்டையில் இவ்வளவுதான் இருந்தது. கீழே ராமலட்சுமி என்று ஒரு பெயர். தாயில்பட்டிக்கு அருகில் ஒரு சிற்றூரின் முகவரி. (பெயரை மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.)

பத்தி எழுதுகிறவளுக்கு வேறென்ன வேண்டும்? பாராட்டி எழுதுவோர் உண்டு. பிழை கண்டு எழுதுவோர் அவர்களைவிட அதிகம். எழுதியதை அப்படியே செய்துவிட்டு, சரிதானா என்று வந்து பார்க்கச் சொன்னவர் இவர் ஒருவர்தான். சென்ற செவ்வாய்க்கிழமை பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, விருதுநகரில் பஸ் ஏறினேன்.

எந்தப் பெட்டி என்கிறீர்களா? சுனாமிக்குப் பிறகு பேரிடரைப் பற்றிப் பேசாத பத்திரிகை இல்லை. நானும் என் பங்குக்கு, இந்த ஆண்டு மழை தொடங்குமுன் இதே பக்கத்தில் ஒரு பட்டியல் கொடுத்திருந்தேன். குடும்ப அட்டை, பட்டா, பிறப்புச் சான்றிதழ், டார்ச், மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, பிஸ்கட், காய்ச்சல் மாத்திரை... ‘இவற்றோடு, ஈரம் பட்டால் வீணாகிவிடும் எதையும் ஒரே பெட்டியில் இட்டு, வீட்டின் உயரமான, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். நெருக்கடியில் யார் எதைச் செய்வது என்பதை முன்னதாகவே பிரித்துக்கொள்ளுங்கள்’ என்று முடித்திருந்தேன். கடைசி வாக்கியங்களை மூன்று முறை திருத்தி எழுதினேன். அவற்றில் ஓர் எழுத்துப் பிழை கூட இல்லை என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

சிவகாசியில் பஸ் மாறும்போதே வானம் கறுத்துவிட்டது. வெம்பக்கோட்டைச் சாலையில் பாதி வழியில், ஆலை வாசல்களில் பெண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். இடி இறங்கும் என்று தோன்றினால் பட்டாசு ஆலைகளில் வேலையை நிறுத்தி ஆட்களை அனுப்பிவிடுவது வழக்கம். விரல்களில் வெள்ளி நிறம் அப்பியிருந்த ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தவர், இறங்கும்வரை பார்வையைத் திருப்பவே இல்லை.

ராமலட்சுமி நிறுத்தத்துக்கே வந்திருந்தார். முப்பது வயதிருக்கும். “இந்த மழையில வருவீகளோ மாட்டீகளோன்னு நெனச்சேன் டீச்சர்” என்று சொல்லிக்கொண்டே என் பையை வாங்கிக்கொண்டார். வீட்டுக்குள் நுழையவும் தூறல் பெருமழையாகவும் சரியாக இருந்தது.

ஒற்றை அறை, மேலே சிமென்ட் ஷீட், பின்சுவரில் பரண். முன்சுவரில் என் பட்டியல், பத்திரிகையிலிருந்து ஒழுங்காக வெட்டி ஒட்டப்பட்டிருந்தது.

“பழைய பேப்பர்க் கட்டுல வந்துச்சு. வெடிக்குக் குழாய் சுருட்டத்தான் எடுத்தேன். படிச்சதும் இதச் சுருட்ட மனசு வரல.”

என் மற்ற கட்டுரைகளுக்கு என்ன நேர்ந்தது என்று நான் கேட்கவில்லை. மூலையில் சாக்குச் சாக்காக நின்ற காகிதக் குழாய்களே அதற்கு விடை.

அவருடைய கணவர் கருப்பசாமி, லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். கயிற்றுக் கட்டிலை எனக்கு விட்டுவிட்டுச் சுவரோரம் நின்றார். “நாஞ் சொன்னா எதையும் கேக்க மாட்டா டீச்சர். பேப்பர்ல வந்தா மட்டும் வேதவாக்கு” என்றார். ராமலட்சுமி அதைக் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

பட்டியலுக்குக் கீழே பென்சிலால் வேலைப் பங்கீடு எழுதியிருந்தது. பெட்டியைத் தூக்குவது கருப்பசாமி. அடுப்பை அணைத்துவிட்டுக் கதவைப் பார்த்துக்கொள்வது ராமலட்சுமி. கரண்ட் போனால் தீப்பெட்டியை எடுத்து மெழுகுவர்த்தி ஏற்றுவது செல்வி. மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள். மூன்று நாள் ஒத்திகை பார்த்ததாகவும், கண்ணை மூடிக்கொண்டே எடுத்துவிடுவாள் என்றும் தாய் சொன்னபோது, செல்வி நாணத்தோடு கண்ணை மூடிக் காட்டினாள்.

எனக்கு ஏற்பட்ட பெருமிதத்தை மறைக்க மாட்டேன். கூட்டம் போட்டு விளக்கினாலும் இவ்வளவு ஒழுங்காகச் செய்கிறவர் எத்தனை பேர்?

கருப்பசாமி பரணிலிருந்து தகரப்பெட்டியை இறக்கிக் கட்டிலின்மேல், என் பக்கத்தில் வைத்தார். மழைச்சாரல் உள்ளே அடித்ததால் கதவைச் சாத்தினார்கள். மூடியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார் ராமலட்சுமி. பாலிதீன் உறையில் குடும்ப அட்டை. பட்டா. மாத்திரை. ஓரத்தில், செல்விக்கு எட்டும்படி, தீப்பெட்டியும் மெழுகுவர்த்தியும். எல்லாம் என் பட்டியலின் வரிசையிலேயே இருந்தன.

பெட்டியின் நடுவில், பழைய சேலைத் துணியில் சுற்றிய பெரிய பொதி ஒன்று. என் பட்டியலில் இல்லாதது.

“இது என்ன?”

“கருந்திரி டீச்சர். பட்டாசுக்கு வைக்கிற, வெடிமருந்து தடவின திரி. ஏஜென்ட் குடுத்தது, வெட்டிக் கட்டி வச்சிருக்கேன். காலையில அந்த மூலையில ஒழுகிருச்சு. அதான் பெட்டிக்குள்ள...”

அவர் முடிக்கவில்லை. வீட்டுக் கூரைக்கு மேலேயே இடி இடித்தது. ஷீட் அதிர்ந்தது. கரண்ட் போயிற்று.

சாத்திய அறையில் ஒன்றும் தெரியவில்லை. அந்த இருட்டில், என் கைக்கு மிக அருகில், ஒரு சிறிய ஓசை கேட்டது. தீப்பெட்டிக்குள் குச்சிகள் குலுங்கும் ஓசை.

செல்வி தன் வேலையைச் செய்துகொண்டிருந்தாள்.

நெருக்கடியில் பதறக்கூடாது, தெளிவாகப் பேச வேண்டும் என்றும் எழுதியவள் நான். என் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. பேசியது ராமலட்சுமி. கத்தவில்லை, குரலை உயர்த்தக்கூட இல்லை. தூங்கும் பிள்ளையிடம் பேசுவது போன்ற குரல்.

“தாயி... உரசாத. அப்படியே நில்லு. அப்பா வாராக, அவுக கையில குடு.”

ஓசை நின்றது. மூச்சு விடுவது யார், விடாதது யார் என்று கூட எனக்குத் தெரிந்தது. கருப்பசாமியின் காலடி இரண்டு. பிறகு கதவுத் தாழ் விலகும் ஒலி. மழையின் சாம்பல் வெளிச்சம் உள்ளே வந்தது. தீப்பெட்டி அவர் கையில் இருந்தது. செல்வி இன்னும் கையை நீட்டியபடியே நின்றிருந்தாள். மற்றொரு கையில் ஒரு குச்சி.

“செரியாத்தான எடுத்தேன்?” என்று கேட்டாள்.

கருப்பசாமி தீப்பெட்டியைத் தன் மடியில் செருகிக்கொண்டார்.

பிறகு நான் ராமலட்சுமியிடம் கேட்டேன், எப்படி அவ்வளவு மெதுவாகப் பேச முடிந்தது என்று. ஆலை ஷெட்டுகளில் யாரும் கத்துவதில்லையாம். கத்தினால் கை பதறும். பதறிய கை எதையாவது உரசும். பதினான்கு வயதில் கற்ற பாடம் என்றார். இவ்வளவு அறிந்தவர் அந்தப் பொதியைத் தீப்பெட்டியின் பக்கத்தில் எப்படி வைத்தார்? அதையும் கேட்டேன்.

“ஷெட்டுல இருக்கையில அது மருந்து டீச்சர். வீட்டுக்கு வந்துட்டா அது வேல.”

பின்னர், குறை சொல்லும் தொனியே இல்லாமல், “ஈரம் பட்டா வீணாப்போற எதையும்னு எழுதியிருந்தீகள்ல... எங்ககிட்ட அப்படி இருக்கிறது இதான்” என்றார்.

மறுபடி மின்னல். ராமலட்சுமி பொதியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். கருப்பசாமி குறுக்கே நின்றார். மறுநாள் ஏஜென்ட் வருகிறான், நனைந்ததைக் கொடுத்தால் இனி இந்த வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டான், மழை முடியும்வரை ஆலையிலும் வேலை இருக்காது என்று தணிந்த குரலில் சொன்னார். அத்தனையும் உண்மை. ராமலட்சுமி திரும்பி மகளைப் பார்த்தார். அவள் கையில் அந்தக் குச்சி இன்னும் இருந்தது.

கருப்பசாமி விலகினார்.

வாசலில் மாடு தண்ணீர் குடிக்கும் கல்தொட்டி மழையில் நிரம்பியிருந்தது. சேலைத் துணியை அவிழ்த்துத் திரிக்கட்டுகளை அதில் போட்டார். தண்ணீர் கறுத்தது. சில கட்டுகள் மிதந்தன. கருப்பசாமி மழையில் இறங்கிப் போய், மிதந்தவற்றை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மழை விட்டதும் புறப்பட்டேன். தெருவில் இருபுறமும் அதே போன்ற வீடுகள். அதே போன்ற பரண்கள். நான் வாயைத் திறக்குமுன் ராமலட்சுமி சொல்லிவிட்டார்: “கேக்காதீக டீச்சர்.”

வீடு திரும்பும் வழியெல்லாம் என் பட்டியலையே திட்டிக்கொண்டு வந்தேன். ஆபத்து எப்போதும் வெளியிலிருந்து வரும் என்று எண்ணி எழுதப்பட்ட பட்டியல் அது. மழை வரும், காற்று வரும், இடி வரும். வீடு நம்மைக் காக்கும்! அந்த வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று நான் ஒருவரைக் கூடக் கேட்கவில்லை.

வீட்டில் திரி வைப்பது சட்டப்படி குற்றம்; அவர்களுக்கு அது பிழைப்பு, அதனால் வைத்திருந்தார்கள். நமக்கு? தீபாவளியில் மிஞ்சிய பட்டாசைக் கார்த்திகைக்கு ஆகும் என்று எடுத்து வைக்காத வீடு எது? எங்கே வைப்போம்? நமத்துப் போகாத இடத்தில்தானே?

விருதுநகரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே வீட்டுக்குப் போய், நாற்காலி போட்டுப் பரணில் ஏறினேன். என் மழைக்காலப் பெட்டி இருந்தது. அதன்மேல், சென்ற ஆண்டுத் துணிக்கடைப் பை ஒன்றில், இரண்டு சரவெடியும் ஒரு பெட்டி புஸ்வாணமும். வைத்தது நானேதான்.

அவற்றை வாளித் தண்ணீரில் முக்கிய பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். பட்டியலை வெட்டி வைத்திருப்பவர்கள் அதன் தலையில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: பெட்டியில் எதை வைப்பது என்பதற்கு முன், வீட்டில் எது இருக்கக் கூடாது என்று பாருங்கள்.

இந்தப் பக்கமும் சில வாரங்களில் பழைய பேப்பர்க் கட்டோடு அந்தத் தெருவுக்குப் போகும்... சுருட்டுவதற்கு முன் யாராவது ஒருவர் படித்துவிட்டால் போதும்.