லோனப்பனின் சட்டை

வடக்காஞ்சேரிப் பக்கம் தேவாலயப் பெருநாளோ கோயில் பூரமோ, வாணவேடிக்கைக்கு லோனப்பனைத்தான் கூப்பிடுவார்கள். பதினாறு வயதில் வெடிக்கொட்டகைக்குப் போனவன். இடது காது பாதி செவிடு, அதனால் பக்கத்தில் இருப்பவனிடமும் ஊருக்கே கேட்கிற மாதிரிதான் பேசுவான். அவனுக்கும் திரேசியாவுக்கும் பிள்ளை இல்லை. கைசர் என்றொரு நாய் இருந்தது. சாப்பிட உட்கார்ந்தால் மீனின் நடுத்துண்டு அதற்குத்தான்.

நான் மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர். முப்பது வருஷம் ஊசி பிடித்த திமிர் எனக்கு. டாக்டரைக் கேட்காமல் என்னைக் கேட்பார்கள், நானும் வாய்க்கு வந்ததைச் சொல்வேன்.

"வேலாயுதேட்டா, கைசருக்கு ரொம்ப இரைக்குது. நான் வாசல்ல கால் வெச்சாப் போதும், ஆரம்பிச்சிடுது" என்றான் ஒருநாள்.

"உன்னைப் பாத்த சந்தோஷம்டா. திரேசியாவுக்கு என்னிக்காவது இப்படி இரைச்சிருக்கா? நாய்க்காவது இரைக்குதேன்னு இரு."

சிரித்துக்கொண்டு போனான். அடுத்த முறை வந்தபோது வெயில் என்றேன், முடியை வெட்டச் சொன்னேன். மழைக்காலத்தில் வெடிவேலை கிடையாது, இரைப்பும் நின்றுவிடும். "பாத்தியா, வெயில்தான்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். வெடிநாட்களில் கட்டிலுக்கடியில் போய் நடுங்குகிறது என்றான். "நீ போட்ட சட்டையை அது பக்கத்துல போட்டு வை. உன் வாசம் இருந்தா தைரியமா இருக்கும்" என்றேன். சொன்னதைத் தட்டாமல் செய்தான், பாவி. ஆறு வருஷம் செய்தான்.

இந்த ஜனவரியில் கைசர் சோற்றைத் தொடவில்லை. புதிதாக வந்த டாக்டர் ஷாஹினா வீட்டுக்கே போய்ப் பார்க்கலாம் என்றார், நான் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். பருவம் தப்பிய மழை, மதியமே குளிர்ந்து கிடந்தது. கைசர் சிமெண்டுத் தரையில் வாயை மூடிப் படுத்திருந்தது. டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டு, இதயம் தளர்ந்திருக்கிறது என்றார்.

மழையால் வேலை நின்று லோனப்பன் அப்போதுதான் திரும்பி வந்தான். அவன் படியேறுவதற்குள் கைசர் எழுந்துவிட்டது. வாய் ஓரம் பின்னால் இழுபட, காது தலையோடு ஒட்ட, இரைத்துக்கொண்டே மூலைக்குப் போனது. அது நடந்த தரையில் ஈரத் தடம்.

"வெளியே போகாத நாய்க்குக் கால் எப்படி ஈரமாச்சு, வேலாயுதேட்டா?" என்றார் டாக்டர்.

நான் தடத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

"வேர்வை. நாய்க்குப் பாதத்துலதான் வேர்க்கும். இந்தக் குளிர்ல வெக்கையால இரைக்காது. இது பயம்" என்றவர், குனிந்து கட்டிலுக்கடியிலிருந்து சட்டையை இழுத்தார். அறை முழுக்க வெடிமருந்து வாடை. "இதை யார் இங்க போட்டது?"

"வேலாயுதேட்டன்தான் போடச் சொன்னாரு" என்றாள் திரேசியா. நான் மழையைப் பார்த்தேன்.

"இந்த வாடை வந்தா பின்னாலயே வெடி வரும்னு அதுக்குப் பழகிப்போச்சு. அதையே தலைமாட்டுல வெச்சிருக்கீங்க. நீங்க போய்க் குளிச்சிட்டு வாங்க" என்றார் டாக்டர் லோனப்பனிடம்.

கிணற்றடியில் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்தான். வெளுத்த முண்டு கட்டித் தரையில் உட்கார்ந்தான். வெகுநேரம் கழித்து கைசர் வந்தது. கையை மோந்தது, முழங்காலை மோந்தது. அவன் தொடைமேல் தலையை வைத்து, வாயை மூடி, தூங்கிப்போனது.

லோனப்பன் மெதுவாகப் பேசி அன்றுதான் கேட்டேன். "வேலைக்குப் போயிட்டு வந்தா இது என் முன்னாடி தூங்கினதே இல்ல, ஏட்டா. வரவேற்குதுன்னு நெனச்சு அப்படியே கட்டிப் பிடிச்சிப்பேன். எனக்கே தெரியாம எத்தனை நாள் பயமுறுத்தியிருக்கேன்."

அதன்பின் வேலை முடிந்தால் என் வீட்டுக் கிணற்றில் குளித்து, சட்டையை என் கொல்லைப்புறத்தில் தொங்கவிட்டுத்தான் போனான். நான்தான் கெஞ்சி ஒப்புக்கொள்ள வைத்தேன். கைசர் ஓணத்துக்கு முந்தின வாரம் தூக்கத்திலேயே போய்விட்டது. அது நிம்மதியாக இருந்த வெடிக்காலம் ஒன்றே ஒன்று. மற்ற ஆறையும் தின்றது என் வாய்.

லோனப்பன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பழக்கம் விடாமல் இப்போதும் என் கிணற்றில்தான் குளித்துவிட்டுப் போகிறான். சட்டை கொல்லையில் தொங்குகிறது, காற்றடித்தால் வாடை என் கட்டில்வரை வருகிறது. எடுத்துப் போ என்று அவனிடம் சொல்ல எனக்கு வாயில்லை.