இடது கையால் கொடுத்தது

“…அதென்ன தங்கச்சி, டொக்டருக்குப் போய் இடக்கையால குடுக்கிறீர்?” என்று சிரித்தார், பல் அடைக்கக் கிரவீன் என்ற புறநகரிலிருந்து வந்திருந்த, முன்பின் தெரியாத தமிழ் அண்ணா ஒருவர்.

பல் மருத்துவ உதவியாளர் படிப்பில் எனக்கு அன்று செய்முறைத் தேர்வு. ஆசிரியை பின்னால் நின்றார். வலது கையில் தண்ணீர் உறிஞ்சும் குழாய், இடது கையால் கருவி கொடுப்பது, அதுதான் முறை. தெரிந்தும் கூசிப்போனேன். டாக்டர் அடுத்த கருவியைக் கேட்டதும் என்னையறியாமல் வலது கையை நீட்டிவிட்டேன். குழாய் வாயைவிட்டு வந்துவிட்டது. தண்ணீர் நிரம்பி அண்ணாவுக்குப் புரையேறியது.

படிப்பு போச்சு என்று நினைத்தேன். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அண்ணாவோ இருமி முடித்து, “என்ர வாயால வந்த வினை. நீர் இடக்கையாலயே குடும்” என்றார். பிறகு, என்னை நம்பி, மறுபடியும் வாயைப் பெரிதாகத் திறந்தார்.